வசீலி புஸ்தவோயித்

வசீலி ஸ்தெபானவிச் புஸ்தவோயித் (சனவரி 14, 1886 - அக்டோபர் 11, 1972) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த பயிர்ப் பெருக்கவியல் அறிஞர் ஆவார். சூரியகாந்தி விதையின் எண்ணெய் அளவை ஏறத்தாழ 30 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்துக்கு மேல் உயர்த்திய இரகங்களை உருவாக்கியவர் என்ற வகையில் இவர் அறியப்படுகிறார். தற்கால எண்ணெய்ச் சூரியகாந்தியின் தந்தை என்றும் இவரைக் குறிப்பிடுவதுண்டு. தென் உருசியாவில் கூபான் ஆற்றங்கரையில் உள்ள கிராஸ்னதார் நகரில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இவருடைய பணி நிலைகொண்டிருந்தது.

புஸ்தவோயித் தம் வாழ்நாளில் தேடியது எண்ணெயின் அளவையே. அந்த எண்ணெயில் கரைந்திருக்கும் உயிர்ச்சத்து ஈ அவருடைய தேர்வு அளவுகோல்களில் இடம்பெறவில்லை. ஆயினும் அவர் மறைந்த பின்னர், சூரியகாந்தி எண்ணெயின் தரத்தை மாற்ற முனைந்த ஆய்வாளர்கள் பலர் அவருடைய இரகங்களையே மூலப்பொருளாகக் கொண்டனர். உயிர்ச்சத்து ஈயின் வகைகளில் மரபுவழி வேறுபாடு கொண்ட செடிகள் சில அந்த இரகங்களிலிருந்தே பெறப்பட்டன.

பிறப்பும் கல்வியும்

புஸ்தவோயித் அன்றைய உருசியப் பேரரசின் கார்க்கோவ் மாகாணத்தில், இன்று உக்ரைன் நாட்டில் உள்ள தரானோவ்கா என்னும் ஊரில் பிறந்தார். பழைய உருசிய நாட்காட்டியின்படி அவர் பிறந்த நாள் சனவரி 2 ஆகும். கார்க்கோவ் பகுதியில் வேளாண்மைப் பள்ளியில் பயின்று 1907இல் படிப்பை முடித்தார். அடுத்த ஆண்டு எக்கத்தரினதார் நகருக்கு வந்து, கூபான் கொசாக்குகளின் வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1920இல் இந்நகரின் பெயர் கிராஸ்னதார் என மாற்றப்பட்டது. பணியில் இருந்துகொண்டே கூபான் வேளாண்மைக் கழகத்தில் பயின்று 1926இல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பது. பட்டம் பெறுவதற்கு முன்பே அவர் பதினான்கு ஆண்டுகள் சூரியகாந்தியில் ஆய்வு செய்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

உருசியாவில் சூரியகாந்தி

சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் எசுப்பானியர் இதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். நீண்ட காலம் அங்கு இது தோட்டத்தில் அழகுக்காக வளர்க்கப்படும் செடியாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் உருசியாவுக்குச் சென்ற பின்னர் மக்கள் இதன் விதையைக் கொறிக்கத் தொடங்கினர். 1829இல் வொரோனெசு மாகாணத்தின் அலெக்சேயெவ்கா என்னும் ஊரில் தனீல் பக்கரியோவ் என்ற பண்ணையடிமை இவ்விதையைக் கையால் இயங்கும் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்ததாகக் கூறப்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கு எண்ணெய் ஆலை அமைந்தது. மரபுக் கிறித்தவர்களின் நீண்ட நோன்பு நாட்களில் விலங்குக் கொழுப்பு விலக்கப்பட்டிருந்தது. ஆகவே தாவர எண்ணெய்க்குத் தேவை மிகுதியாக இருந்தது. தெற்கின் கரிய மண்ணும் வெயிலும் இப்பயிருக்கு ஏற்றவையாக அமைந்தன.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயிரிடப்பட்ட நாட்டு வகைகளில் விதைத்தோல் தடித்தும் பருப்பு சிறுத்தும் இருந்தது. விதையின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் தோலாகவே போயிற்று. மேலும், இரண்டு பெரும் எதிரிகள் இப்பயிரைத் தாக்கின. ஒன்று, விதையைத் துளைத்து உண்ணும் சூரியகாந்தி அந்துப்பூச்சியின் புழு. மற்றொன்று, ஓரபாங்கி என்னும் ஒட்டுண்ணிக் களை. நம் நாட்டில் புகையிலை வயல்களில் காணப்படும் புகையிலைக் காளான் இதே பேரினத்தைச் சேர்ந்ததாகும். பச்சையமற்ற இக்களை சூரியகாந்தியின் வேரில் ஒட்டிக்கொண்டு அதன் உணவை உறிஞ்சிவிடும். தூள் போன்ற இதன் விதைகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிருடன் கிடக்கும். ஆகவே ஒருமுறை இக்களை பரவிய நிலத்தில் மீண்டும் சூரியகாந்தி பயிரிடுவது இயலாததாயிற்று. ஊர் ஊராக உழவர்கள் இப்பயிரைக் கைவிட்ட காலமும் உண்டு.

இவ்விரு எதிரிகளுக்கும் விடையின் ஒரு பகுதி பிற ஊர்களிலிருந்து வந்தது. விதைத்தோலில் கரிய, கடினமான ஒரு படலம் கொண்ட செடிகளை அந்துப்பூச்சியின் புழுவால் துளைக்க முடியவில்லை. சராத்தோவ் நிலையத்தில் எவ்கேனியா பிளாச்செக் என்ற பெண் அறிஞர் ஓரபாங்கியை எதிர்க்கும் இரகங்களை உருவாக்கினார். 1920களில் அவற்றையும் தாக்கும் புதிய ஓரபாங்கி இனம் தோன்றியபோது, தோன் பகுதியில் லெ. ஸ்தானவ் அதற்கு ஈடுகொடுக்கும் இரகங்களை அளித்தார். புஸ்தவோயித்தின் பணியைத் தனி ஒருவரின் சாதனையாக எழுதும்போது இவர்களுடைய பெயர்கள் விடுபட்டுவிடுகின்றன. அது முறையன்று.

குரூக்லிக் வயல்

1912இல் புஸ்தவோயித் எக்கத்தரினதார் நகரின் ஓரத்தில் குரூக்லிக் என்ற இடத்தில் ஒரு சிறு ஆய்வு வயலைத் தொடங்கினார். பள்ளி மாணவர்களே அவருடைய தொடக்ககால உதவியாளர்கள். போரும் புரட்சியும் உள்நாட்டுப் போரும் அடுத்த பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டன. கூபான் பகுதி உள்நாட்டுப் போரில் பலமுறை கைமாறியது. ஆயினும் இவ்வயல் நிலைத்து நின்று ஆய்வு நிலையமாக வளர்ந்தது. 1932இல் இதன் அடிப்படையிலேயே அனைத்து ஒன்றிய எண்ணெய்ப் பயிர்கள் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. உருசிய மொழியில் இதன் பெயர்ச் சுருக்கம் வினீமிக் என்பதாகும். பின்னாளில் உலகெங்கும் சென்ற இரகங்கள் இச்சுருக்கத்தையே பெயராகத் தாங்கியிருந்தன.

குரூக்லிக் ஆ-41 என்பது இங்கிருந்து வெளிவந்த முற்கால இரகங்களுள் ஒன்று. 1930களின் தொடக்கத்தில் சில ஆண்டுகளைப் புஸ்தவோயித் கசக்ஸ்தானில் கழிக்க நேர்ந்தது. 1935 முதல் அவர் கிராஸ்னதாரில் சூரியகாந்திப் பெருக்கப் பணிக்குத் தலைமை வகித்தார்.

இருப்பு விதை முறை

புஸ்தவோயித்தின் பெயரை நிலைநிறுத்தியது எந்த ஓர் இரகமும் அன்று, அவர் வகுத்த தேர்வு முறையே எனலாம். அதனைப் புரிந்துகொள்ளச் சூரியகாந்தியின் இயல்பை அறிதல் வேண்டும்.

சூரியகாந்தி அயல் மகரந்தச் சேர்க்கை உடைய பயிர். தேனீக்கள் ஒரு பூக்கொண்டையிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றன. ஒரு நல்ல செடியின் விதையைத் தனி வரிசையில் விதைத்தால், அந்த வரிசையின் பூக்களில் பக்கத்து வரிசைகளின் மகரந்தமும் வந்து சேரும். அந்த வரிசை சிறந்தது என்று அறுவடைக்குப் பின்னரே தெரியவரும். அப்போது கையில் இருக்கும் விதைக்குத் தாய் நல்லதாயினும் தந்தை எதுவென்று தெரியாது. அதனை அடுத்த ஆண்டு விதைத்தால் முன்னேற்றத்தில் பாதி கரைந்துவிடும். தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கச் செய்தால் தந்தையைப் பற்றிய ஐயம் இல்லை. ஆனால் சில தலைமுறைகளில் செடிகள் வீரியம் குன்றிப்போகும்.

புஸ்தவோயித் கண்ட வழி எளிமையானது. 10,000 முதல் 15,000 வரையான பூக்கொண்டைகளை வயலிலிருந்து தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றின் விதையிலும் எண்ணெய் அளவும் தோலின் விகிதமும் ஆய்வகத்தில் அளக்கப்பட்டன. அவற்றுள் சிறந்த ஏறத்தாழ 1,000 கொண்டைகள் மட்டும் அடுத்த கட்டத்துக்குச் சென்றன. ஒவ்வொரு கொண்டையின் விதையிலும் ஒரு பகுதி மட்டுமே விதைக்கப்பட்டது. எஞ்சியது பையிலிட்டு எண் எழுதி வைக்கப்பட்டது. இதுவே இருப்பு விதை. விதைக்கப்பட்டவற்றின் விளைச்சல், எண்ணெய், நோய் எதிர்ப்பு ஆகியவை இரண்டு ஆண்டுகள் சோதிக்கப்பட்டன. ஓரபாங்கி விதை கலந்த மண்ணிலும் அவை வளர்த்துப் பார்க்கப்பட்டன. சோதனையில் விளைந்த விதை ஒதுக்கப்பட்டது. எந்த எண்கள் சிறந்தவை என்று தெரிந்த பின்னர், அவற்றின் இருப்பு விதை மட்டும் எடுத்து, பிற சூரியகாந்தி வயல்களிலிருந்து விலகிய ஓரிடத்தில் ஒன்றாக விதைக்கப்பட்டது. அங்கு தேனீக்கள் எந்தப் பூவிலிருந்து எந்தப் பூவுக்குச் சென்றாலும் நல்லதும் நல்லதுமே கலந்தன. அவ்வாறு விளைந்த கூட்டத்திலிருந்து மீண்டும் பூக்கொண்டைகள் எடுக்கப்பட்டு அடுத்த சுற்று தொடங்கியது.

இம்முறையில் செடிக்கூட்டம் ஒரே அச்சில் வார்த்ததாகச் சுருங்கிவிடுவதில்லை. எண்ணெய் அளவு ஏறிக்கொண்டே போகும். ஆனால் தேர்வுக்கு உட்படாத பிற பண்புகளில் வேறுபாடுகள் உள்ளே மறைந்து தங்கியிருக்கும். ஒவ்வொரு புஸ்தவோயித் இரகமும் உண்மையில் ஒரு செடிக்கூட்டமே. தூய வழி அன்று. பின்னாளில் இவ்வேற்றுமை பெரும் பயன் தந்தது.

விதை பெருக்கத்திலும் அவர் இதே கொள்கையைக் கடைப்பிடித்தார். ஓர் இரகத்தை வெளியிட்டுவிட்டு அப்படியே விட்டுவிடாமல், அதன் மூல விதையை ஆண்டுதோறும் தேர்வு செய்து புதுப்பித்து உழவருக்கு அளிக்கும் ஏற்பாட்டை அவர் உருவாக்கினார். ஆகவே ஒரே பெயருடைய இரகம் ஆண்டுகள் செல்லச் செல்ல மேம்பட்டு வந்தது. இரகத்தின் பெயரை வைத்து அதன் எண்ணெய் அளவை ஒரே எண்ணாகக் கூறும் அட்டவணைகளைச் சற்று எச்சரிக்கையுடன் படிக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போரும் அரசியலும்

1942 ஆகத்து மாதம் செர்மானியப் படைகள் கிராஸ்னதாரைக் கைப்பற்றின. 1943 பெப்ரவரியில் நகர் மீட்கப்பட்டது. போருக்குப் பின் பணி மீண்டும் வேகம் பெற்றது. 1946இல் புஸ்தவோயித்துக்கு ஸ்டாலின் பரிசு வழங்கப்பட்டது.

இதே காலம் சோவியத் மரபியலுக்கு மிகக் கொடிய காலமாகும். பயிர்களின் மரபு வேறுபாட்டை உலகெங்கும் தேடிச் சேகரித்த நிக்கொலாய் வவீலவ் 1940இல் கைது செய்யப்பட்டு 1943இல் சராத்தோவ் சிறையில் இறந்தார். 1948இல் லைசென்கோவின் தலைமையில் நடந்த வேளாண்மைக் கழகக் கூட்டத்துக்குப் பின் மெண்டலிய மரபியல் கற்பிப்பதே தடை செய்யப்பட்டது. தன்மகரந்தச் சேர்க்கை வழியாகத் தூய வழிகளை உருவாக்கி வீரிய ஒட்டு இரகம் காணும் முறை ஐயத்துக்கு உள்ளாயிற்று. புஸ்தவோயித்தின் முறை திறந்த மகரந்தச் சேர்க்கையையும் நேரடி அளவீட்டையும் சார்ந்தது. மரபணு என்ற சொல்லை உச்சரிக்காமலே அதனைச் செய்து முடிக்க இயலும். பிற பயிர்களில் பல ஆய்வுகள் முடங்கிய ஆண்டுகளில் சூரியகாந்தி ஆய்வு தொடர்ந்து முன்னேறியது.

புகழ்பெற்ற இரகங்கள்

1950களிலும் 1960களிலும் வினீமிக் 6540, வினீமிக் 8931, பெரெதோவிக், ஸ்மேனா, மயாக் முதலிய இரகங்கள் வெளிவந்தன. பெரெதோவிக் என்ற உருசியச் சொல்லுக்கு முன்னணித் தொழிலாளி என்று பொருள். இவ்விரகங்களின் உலர்ந்த விதையில் எண்ணெய் 50 சதவீதத்தை எட்டியது. சில தேர்வுகளில் அதனையும் தாண்டியது. தோலின் பங்கு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஒரு மூட்டை விதையிலிருந்து முன்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக எண்ணெய் கிடைத்தது. புஸ்தவோயித் முப்பதுக்கும் மேற்பட்ட இரகங்களை உருவாக்கினார்.

1956இல் அவர் அனைத்து ஒன்றிய வேளாண் அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரானார். சோசலிச உழைப்பு வீரர் என்ற பட்டம் 1957இலும் 1963இலும் இருமுறை வழங்கப்பட்டது. 1959இல் லெனின் பரிசு பெற்றார். 1964இல் சோவியத் அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எண்ணெய்ப் பயிர்களின் பெருக்கமும் விதை உற்பத்தியும் பற்றி அவர் பொறுப்பில் 1967இல் வெளிவந்த கையேடு பின்னர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது.

அவருடைய மகள் கலீனா புஸ்தவோயித்தும் சூரியகாந்தி ஆய்வாளர் ஆவார். பயிரிடும் சூரியகாந்தியைக் காட்டுச் சிற்றினங்களுடன், குறிப்பாகக் கிழங்குக்காக வளர்க்கப்படும் எருசலேம் கூனைப்பூவுடன் கலந்து, அடிச்சாம்பல் நோய், துரு நோய், ஓரபாங்கி ஆகியவற்றை ஒருங்கே எதிர்க்கும் செடிகளை அவர் உருவாக்கினார். தந்தையின் இரகங்கள் எண்ணெயில் சிறந்திருந்தும் அடிச்சாம்பல் நோய்க்கு எளிதில் இரையாயின. அந்தக் குறையை நீக்கும் முயற்சியாக மகளின் பணியைக் காணலாம்.

புஸ்தவோயித் 1972 அக்டோபர் 11 அன்று கிராஸ்னதாரில் காலமானார். வினீமிக் கழகம் இன்று அவருடைய பெயரைத் தாங்கியுள்ளது. பன்னாட்டுச் சூரியகாந்திச் சங்கம் அவர் பெயரில் ஒரு விருது வழங்கி வருகிறது.

பிற நாடுகளில்

1960களில் பெரெதோவிக் கனடாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் சென்றது. சூரியகாந்தி தன் பிறந்த நிலத்துக்கு எண்ணெய்ப் பயிராகத் திரும்பியது இவ்வாறே. 1969இல் பிரான்சில் லெக்லேர் காட்டுச் சூரியகாந்தியையும் அர்மவீர் நிலையத்தின் உருசிய இரகம் ஒன்றையும் கலந்து ஆண் மலட்டுத் தன்மை கொண்ட செடிகளைப் பெற்றார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அத்தன்மையை மீட்கும் மரபணு அறியப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்து வீரிய ஒட்டு இரகங்களுக்கு வழிவகுத்தன. 1970களிலிருந்து அவை பல நாடுகளில் புஸ்தவோயித்தின் இரகங்களை வயலிலிருந்து அகற்றின. ஆயினும் ஒட்டு இரகங்களின் பெற்றோர் வழிகள் பலவற்றில் உயர்ந்த எண்ணெய் அளவு அவருடைய இரகங்களிலிருந்தே வந்தது.

இந்தியாவுக்கு 1969இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து எண்ணெய்ச் சூரியகாந்தி விதை தருவிக்கப்பட்டது. ஈசி 68413 என்ற எண்ணில் வந்தது வினீமிக் 8931. ஈசி 68414 என்பது பெரெதோவிக். எண்ணெய்ப் பற்றாக்குறை நிலவிய 1970களின் தொடக்கத்தில் இந்தியாவில் வணிக முறையிலான சூரியகாந்திச் சாகுபடி இவற்றைக் கொண்டே தொடங்கியது. பின்னர் கனடாவிலிருந்து வந்த மார்டன் என்னும் குட்டை இரகமும், 1980இல் பெங்களூரிலிருந்து வெளிவந்த முதல் இந்திய வீரிய ஒட்டும் பரவின. தமிழ்நாட்டுக் கடைகளில் சூரியகாந்தி எண்ணெய் இன்று எளிதாகக் கிடைப்பதன் வரலாறு குரூக்லிக் வயலோடு தொடர்புடையது என்பது பலரும் அறியாத செய்தி.

எண்ணெயின் தரமும் உயிர்ச்சத்து ஈயும்

உயிர்ச்சத்து ஈ 1922இல் அமெரிக்காவில் எவான்சு, பிசப் ஆகியோரால் எலிகளின் இனப்பெருக்கத்துக்கு இன்றியமையாத பொருளாக இனங்காணப்பட்டது. 1936இல் அது கோதுமை முளையின் எண்ணெயிலிருந்து தூய வடிவில் பிரிக்கப்பட்டு டோக்கோபெரால் என்று பெயர் பெற்றது. டோக்கோபெரால்கள் நான்கு வகைப்படும்: ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா. இவற்றின் வளையத்தில் ஒட்டியுள்ள மெத்தில் தொகுதிகளின் எண்ணிக்கையும் இடமும் வேறுபடுகின்றன. ஆல்பாவில் மூன்று, பீட்டாவிலும் காமாவிலும் இரண்டு, டெல்டாவில் ஒன்று.

மனித உடல் இவற்றுள் ஆல்பாவையே விரும்பி வைத்துக்கொள்கிறது. கல்லீரலில் உள்ள ஒரு புரதம் ஆல்பாவைத் தேர்ந்து குருதிக்கு அனுப்புகிறது. மற்றவற்றுள் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. விலங்குச் சோதனைகளின் அடிப்படையில் அமைந்த பழைய கணக்கின்படி, ஆல்பாவின் செயல்திறன் ஒன்று எனில் பீட்டாவினது பாதி, காமாவினது பத்தில் ஒரு பங்கு. சூரியகாந்தி எண்ணெயின் டோக்கோபெராலில் 90 சதவீதத்துக்கு மேல் ஆல்பாவே. பன்னாட்டு உணவுத் தர விதிகளின் அட்டவணையில் ஒரு கிலோகிராம் சூரியகாந்தி எண்ணெயில் ஆல்பா 403 முதல் 935 மில்லிகிராம் வரை என்றும், காமா அதிகம் போனால் 34 மில்லிகிராம் என்றும் உள்ளது. சோயா எண்ணெயில் நிலைமை தலைகீழ்: அங்கு காமாவே மிகுதி. உயிர்ச்சத்து ஈ உணவில் சேர வேண்டுமெனில் சூரியகாந்தி எண்ணெய் மிகச் சிறந்த மூலங்களுள் ஒன்றாகும்.

ஆனால் எண்ணெய்ப் புட்டிக்குள் கதை வேறு. டோக்கோபெரால் எண்ணெயை ஆக்சிசனேற்றத்திலிருந்து காத்து, சிக்கு வாடை பிடிக்காமல் தடுக்கிறது. இப்பணியில் காமாவும் டெல்டாவும் ஆல்பாவைவிடத் திறன் மிக்கவை. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் எளிதில் கெடும் லினோலியிக் அமிலம் மிகுதி. அதைக் காக்கவோ திறன் குறைந்த ஆல்பா மட்டுமே உள்ளது. ஆகவே பலமுறை பொரிப்பதற்கு இவ்வெண்ணெய் ஏற்றதன்று. உண்பவரின் உடலுக்கு நல்லது எண்ணெய்க்கு நல்லதாக இல்லை. எண்ணெய்க்கு நல்லது உடலுக்கு அவ்வளவு பயனற்றது. பெருக்கவியலாளர் முன் நின்ற சிக்கல் இதுதான்.

புஸ்தவோயித்தின் தேர்வில் இது எதுவும் கருதப்படவில்லை. எண்ணெய் கூடியதால் ஒரு விதையில் டோக்கோபெரால் தங்குவதற்கான இடம் கூடியது எனலாம். அதனால் எண்ணெயில் அதன் செறிவும் கூடியது என்று கொள்வது தவறு. செறிவு, செடி வளரும் இடத்தையும் ஆண்டின் தட்பவெப்பத்தையும் பொறுத்துப் பெரிதும் மாறுபடும். வகைகளின் விகிதமோ அவ்வாறு மாறுவதில்லை. அது ஏறக்குறைய முழுவதும் மரபணுக்களால் தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே விகிதத்தை மாற்ற விரும்பியவர்கள் மாறுபட்ட மரபணு கொண்ட செடியைத் தேட வேண்டியிருந்தது.

முதல் மாற்றம் கொழுப்பு அமிலத்தில் வந்தது. வினீமிக் கழகத்தின் சொல்தாத்தவ், வினீமிக் 8931 இரகத்தின் விதையை டைமெத்தில் சல்பேட்டு என்னும் வேதிப்பொருளில் நனைத்துத் திடீர் மரபு மாற்றங்களை உண்டாக்கினார். அவற்றிலிருந்து ஒலியிக் அமிலம் 70 சதவீதத்துக்கும் மிகுந்த பெர்வெனெட்சு இரகத்தை உருவாக்கி 1976இல் அறிவித்தார். தலைப்பிள்ளை என்பது இப்பெயரின் பொருள். உலகின் உயர் ஒலியிக் சூரியகாந்தி பெரும்பாலும் இதன் வழிவந்ததாகும்.

அடுத்து டோக்கோபெரால். வினீமிக் கழகத்தில் டெமூரினும் உடன் பணியாற்றியோரும் சூரியகாந்தியின் பல்வேறு சேகரிப்புகளை ஆராய்ந்து இரண்டு அரிய வழிகளைக் கண்டனர். எல்ஜி-15 என்பதில் ஆல்பாவும் பீட்டாவும் ஏறத்தாழ சரிபாதியாக இருந்தன. எல்ஜி-17 என்பதில் 95 சதவீதம் காமா. இம்முடிவுகள் 1993இல் விரிவாக வெளியிடப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மரபணு காரணம் என்றும், மாறுபட்ட வடிவம் ஒடுங்கு தன்மை உடையது என்றும் கலப்புகள் காட்டின. அவை டிபிஎச்1, டிபிஎச்2 எனப் பெயரிடப்பட்டன. 2000களில் எசுப்பானியாவின் கோர்தோபா நகர ஆய்வாளர்கள் பெரெதோவிக் விதையில் வேதிப்பொருளால் மாற்றம் தூண்டி, 90 சதவீதத்துக்கும் மேல் காமா கொண்ட வழிகளைத் தனியே பெற்றனர்.

இதன் விளக்கம் மெத்தில் தொகுதிகளை ஒட்டவைக்கும் இரு நொதிகளில் உள்ளது. முதல் நொதி, வளையம் முழுமையடைவதற்கு முன்பே ஒரு மெத்திலை ஒட்டுகிறது. இரண்டாவது நொதி இறுதிக் கட்டத்தில் காமாவை ஆல்பாவாகவும் டெல்டாவைப் பீட்டாவாகவும் மாற்றுகிறது. டிபிஎச்1 மாறிய செடியில் முதல் நொதி சரிவர இயங்காது. அதனால் டெல்டா உண்டாகி, இரண்டாம் நொதியால் பீட்டாவாகிவிடும். டிபிஎச்2 மாறிய செடியில் இறுதிப் படி நின்றுபோவதால் காமா அப்படியே தேங்கும். இரண்டு மாற்றங்களையும் ஒரே செடியில் சேர்த்தால், சூரியகாந்தியில் வழக்கமாக ஏறக்குறைய இல்லாத டெல்டா கணிசமாகத் தோன்றுகிறது. உயர் ஒலியிக் பண்புடன் காமா அல்லது டெல்டா பண்பைச் சேர்த்த எண்ணெய், உயர்ந்த வெப்பத்தில் வழக்கமான எண்ணெயைவிட நெடுநேரம் கெடாமல் நிற்கிறது. அதே வேளையில், உயிர்ச்சத்து ஈ என்ற வகையில் அதன் மதிப்பு வெகுவாகக் குறைகிறது. ஆகவே ஆல்பா மிகுந்த வழக்கமான வகையை இது முற்றிலும் பதிலீடு செய்வது விரும்பத்தக்கதன்று; பொரிப்பு முதலிய தனிப் பயன்களுக்கே இது பொருந்தும்.

இத்தகைய செடிகளைத் தேர்வதற்கு விதையையே இரண்டாக வெட்டும் முறை கையாளப்படுகிறது. கரு இல்லாத முனையிலிருந்து சிறு துண்டு அரிந்து அதன் எண்ணெயை ஆய்வு செய்வர். எஞ்சிய பகுதி பிழைத்து முளைக்கும். டோக்கோபெராலின் விகிதம் தாய்ச் செடியால் அன்றி விதைக்குள் உள்ள கருவின் மரபணுக்களாலேயே அமைகிறது என்பதால் இம்முறை பயன் தருகிறது. ஆனால் இதே காரணத்தால் வயலில் ஓர் இடரும் உண்டு. காமா வகை ஒட்டு இரகத்துக்குப் பெற்றோர் இருவரிடமும் மாறிய மரபணு இருத்தல் வேண்டும். அவ்வாறு இருந்தும், பக்கத்து வயலில் வழக்கமான சூரியகாந்தி பூத்திருந்தால், அதன் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவந்து சேர்த்த விதைகளில் ஆல்பாவே உருவாகும். எனவே இவ்வகையைப் பயிரிடுவோர் பிற சூரியகாந்தி வயல்களிலிருந்து விலகிய நிலத்தைத் தேட வேண்டியுள்ளது.